வொண்டர்லாவுக்குப் பக்கத்து லொட்ஜா, தி.நகர் ஹோட்டலா? (சித்திரை லீவு, 4 இரவு, 5 பேர்)

கோண்டாவில்_கிழக்கு:

புதுவருசம் கழிஞ்ச அடுத்த கிழமை பலாலியில இருந்து சென்னை போறம். திங்கள் பின்னேரம் இறங்கி வெள்ளி திரும்புறது, ஆக நாலு இரவு. நாங்கள் ரெண்டு பேர், மூத்தவ (132 சென்ரிமீற்றர்), சின்னவன் (98 சென்ரிமீற்றர்), மாமி (68 வயது, முழங்கால் நோ, படி ஏலாது). எல்லாருக்கும் இலங்கைப் பாஸ்போட், விசா எடுத்தாச்சு.

ஒரு முழுநாள் இள்ளலூர் வொண்டர்லா விளையாட்டுப் பூங்கா. ஒரு நாள் எம்ஜிஎம் அல்லது விஜிபி, அதுகளும் அப்பிடிப் பூங்காதான். ஒரு நாள் தி.நகரில உடுப்பும் மயிலாப்பூர்க் கபாலீசுவரரும். மாமி வாறதே கபாலீசுவரருக்காகத்தான், சுத்துற விளையாட்டெல்லாம் அவவுக்குத் தேவையில்லை.

தங்க ரெண்டு இடம் பார்த்து வச்சிருக்கிறம்.

ஒண்டு, திருப்போரூர்ப் பக்கம் ரோட்டோரத்தில ஒரு மோட்டல். கார் வாசலிலயே நிக்கும், கீழ்த்தட்டில அறை இருக்கு. ஒரு அறை 1,800 இந்திய ரூபாய், எங்களுக்கு ரெண்டு அறை வேணும். வொண்டர்லாவுக்கு 15 நிமிசம் எண்டு போட்டிருக்கு.

மற்றது தி.நகரில ஒரு மூண்டு நட்சத்திர ஹோட்டல். குடும்ப அறை 4,200, மேலதிகக் கட்டில் 800, காலைச் சாப்பாடு சேர்த்து. லிஃப்ட் இருக்கு. வொண்டர்லா 45 கிலோமீற்றர் தூரம்.

பிள்ளையள் களைச்சுப் போவினம் எண்டதால பக்கத்தில நிக்கிறதுதான் புத்தி எண்டு மனுசி சொல்லுறா. லொட்ஜைப் பார்க்க எனக்குப் பயமா இருக்கு. எது சரி?

---

தட்டாதெரு_நிழல்:

தூரத்தைப் பிறகு பாப்பம். முதல்ல அந்த மோட்டல் உங்களை ஏற்குமோ எண்டு கேளுங்கோ.

இந்தியாவில வெளிநாட்டுப் பாஸ்போட்காரரை வச்சிருக்கிற எந்த இடமும், வந்து 24 மணித்தியாலத்துக்குள்ள குடிவரவுத் தளத்தில பதியவேணும். அங்க எல்லாரும் அதை "சி ஃபாரம்" எண்டுதான் சொல்லுவினம். அதுக்கு அந்த இடத்துக்குச் சொந்தமா ஒரு கணக்கு இருக்கவேணும். பெரிய ஹோட்டல்களில இது ஒரு வேலையே இல்லை. பாஸ்போட், விசாப் பக்கம், வந்திறங்கின முத்திரை மூண்டையும் ஸ்கான் பண்ணி, படமும் ஏத்தி முடிச்சிடுவினம். ரோட்டோரத்துச் சின்ன லொட்ஜுகளில கனக்கப் பேருக்கு அந்தக் கணக்கு இல்லை. இருந்தாலும் ராத்திரி 9 மணிக்கு கவுண்டரில நிக்கிற பெடியனுக்கு அதைத் திறக்கத் தெரியாது. அவன் சுலபமான வழியைப் பார்ப்பான்: "ஃபாரினர் எடுக்கிறதில்ல சார்."

தமிழ் கதைக்கிறம், முகமும் அப்பிடித்தான் எண்டு நினைச்சுப் போனால் ஏமாறுவீங்கள். பாஸ்போட்டை நீட்டினவுடன கதை மாறும். அதுவும் முழுக்காசும் கட்டி, திருப்பித் தராத வகையில பதிஞ்சிருந்தால் காசும் போகும், ராத்திரி வேற இடமும் தேடவேணும். பதியிற தளங்களில விதிமுறை எண்ட பகுதி கீழ சின்ன எழுத்தில இருக்கும். "உள்ளூர் அடையாள அட்டை மட்டும்", "இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்" எண்டு அங்கதான் எழுதியிருப்பினம். ஒருக்கா உருட்டிப் பாருங்கோ.

இன்னொண்டு, சொல்லுப் பிரச்சினை. தமிழ்நாட்டில "மோட்டல்" எண்டால் தூரப் பயண பஸ்சுகள் சாப்பாட்டுக்கு நிப்பாட்டுற இடம். அறை இருக்கவேணும் எண்டில்லை. இருந்தாலும் சாப்பாட்டுக் கடைக்கு மேல ஒட்டின நாலு அறையா இருக்கும், விடிய விடிய பஸ் ஹோர்ன், ரைவர் விசில், பாட்டு. "ஹோட்டல்" எண்ட சொல்லும் அங்க பாதி நேரம் சாப்பாட்டுக் கடையைத்தான் குறிக்கும். ஆகவே "ரூம் இருக்கா, எந்தத் தட்டில, ரோட்டைப் பார்த்தா பின்பக்கமா" எண்டு கேளுங்கோ. உங்கட மோட்டலில கீழ்த்தட்டு அறை எண்டது மாமிக்கு நல்லது. ஆனால் கார் வாசலில நிக்கும் எண்டால் மற்ற ஆக்களின்ர காரும் உங்கட யன்னலுக்கு நேர நிக்கும்.

---

சுண்டுக்குளி_கணக்கு:

மேல சொன்னது சரி. அது ஓகே எண்டு வந்தால் மிச்சத்தை இப்பிடிப் பாருங்கோ.

பக்கத்தில நிண்டால் காலமை நேரம் மிச்சம் எண்டு நினைக்கிறீங்கள். வொண்டர்லா வேலைநாளில காலமை 11 மணிக்குத்தான் திறக்கும், 6 மணிக்கு மூடும். தண்ணி விளையாட்டுகள் அதுக்கும் பிறகுதான் தொடங்கும். தி.நகரில இருந்து ஒன்பதுக்கு வெளிக்கிட்டாலும் வாசல் திறக்க முதல் போய் நிக்கலாம். திருப்போரூரில நிண்டால் எட்டரைக்கு எழும்பி பத்தரை வரைக்கும் அறையில பிள்ளையளோட மல்லுக்கட்டவேணும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்னேரம் 6 மணிதான் வேற கதை. எல்லாரும் ஒரே நேரத்தில வெளியில வருவினம். பிள்ளையளுக்குத் தலைமயிர் ஈரம், பசி, ஒண்டு நித்திரை. அந்த நேரம் ஓ.எம்.ஆர் எண்ட பழைய மாமல்லபுரம் ரோட்டில ஐ.டி. கம்பனி பஸ்சுகள் வெளிக்கிடும். மெட்ரோ வேலைக்காக ரோட்டின்ர நடுவை அடைச்சு வச்சிருக்கிறாங்கள், சோழிங்கநல்லூர்ச் சந்தியில வண்டி ஊரும். காலமை ஒண்டரை மணித்தியாலத்தில போன அதே 45 கிலோமீற்றருக்குப் பின்னேரம் ரெண்டரை கூடப் பிடிக்கும். பக்கத்தில நிக்கிறதால உங்களுக்குக் கிடைக்கிறது இந்த ஒரு பின்னேரம் மட்டும்தான். அதுவும் நாலு இரவில ஒரு இரவு.

இனிக் காசு. மோட்டல் ரெண்டு அறை ஒரு இரவுக்கு 3,600, நாலு இரவு 14,400. ஜிஎஸ்டி வரி 5 வீதம் (2025 செப்ரெம்பரில இருந்து 7,500 வரைக்குமான அறைக்கு 5 வீதம்தான், முந்தி 12). ஆக 15,120. தி.நகர் ஒரு இரவு 5,000, நாலு இரவு 20,000, வரியோட 21,000. வித்தியாசம் 5,880 ரூபாய். பார்க்க மோட்டல் மலிவு.

இப்ப காரைச் சேருங்கோ. மோட்டலில நாலு நாளும் நிண்டால் விமான நிலையத்தில இருந்து 43 கிலோமீற்றர், வொண்டர்லா போய்வர ஒரு 10, எம்ஜிஎம் போய்வர 45, தி.நகர், மயிலாப்பூர் போய்வர 90, திரும்ப விமான நிலையம் 43. ஏறத்தாழ 230 கிலோமீற்றர். தி.நகரில நிண்டால் 12, 90, 60, உள்ளூர் 15, 12. இது 190. தூரம் எங்கயும் மறையாது, எந்த நாளில ஓடுறது எண்டதுதான் மாறும். மோட்டலில மிச்சம் பிடிக்கிற காசில ஒரு பங்கு ரெண்டு விமான நிலைய ஓட்டத்தில கார்க்காரருக்குப் போகும்.

அதோட நீங்கள் ஐஞ்சு பேர். சாதாரண டாக்சியில நாலு பேருக்குத்தான் இடம், சின்னவனை மடியில வைக்கலாம் எண்டு நினைச்சாலும் ஐஞ்சு பேரின்ர பயணப்பெட்டி பின்னால அடங்காது. எர்டிகா, இன்னோவா மாதிரி வண்டி கேட்கவேணும், அதுக்கு விலை கூட. நாள் வாடகை "10 மணி, 100 கிலோமீற்றர்" எண்ட கணக்கில குடுப்பினம். தி.நகர் - வொண்டர்லா - தி.நகர் அதுக்குள்ள மட்டுமட்டாத்தான் அடங்கும். ஒன்பதுக்கு வெளிக்கிட்டால் இரவு ஏழுக்கு மணிக்கணக்கு முடியும், நீங்கள் அப்ப நாவலூரில நிப்பீங்கள். அதுக்கு மேல ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் தனிக் காசு. சில கொம்பனியள் வண்டி அவையின்ர கராஜை விட்டு வெளிக்கிட்ட நேரத்தில இருந்து கணக்குப் பிடிக்கும், அதையும் முதல்லயே கேளுங்கோ.

போகேக்க ஆப்பில கார் பிடிச்சு, வரேக்கயும் அப்பிடியே பிடிப்பம் எண்டு விடாதேங்கோ. இள்ளலூரில பின்னேரம் ஆறு மணிக்கு தி.நகர் எண்டு போட்டால் ரைவர் போன் எடுத்து "எங்க சார் ட்ராப்?" எண்டு கேட்டுப்போட்டு ரத்து செய்வான்.

என்ர முடிவு ரெண்டும் ரெண்டும். திங்கள், செவ்வாய் இரவு திருப்போரூர்ப் பக்கம். செவ்வாய் வொண்டர்லா. புதன் காலமை அறையைக் குடுத்துப்போட்டு, சாமானைக் காரில ஏத்தி, கேளம்பாக்கம் - கோவளம் ரோட்டால ஈ.சி.ஆர் எண்ட கிழக்குக் கடற்கரை ரோட்டில இறங்கி முட்டுக்காடு எம்ஜிஎம். பின்னேரம் அதே கார் உங்களை தி.நகரில இறக்கும். புதன், வியாழன் இரவு தி.நகர். வெள்ளி விமான நிலையம் கிட்ட. கார் ஓட்டம் 230 இல்லை, 190 இல்லை, 130 கிலோமீற்றர். அறை வாடகை 7,560உம் 10,500உம், மொத்தம் 18,060. தி.நகரில முழுக்க நிக்கிறதை விட 2,940 குறைவு, காரிலயும் மிச்சம்.

எம்ஜிஎம்மா விஜிபியா எண்டதும் இதில தீர்ந்து போகும். தெற்கால இருந்து வந்தால் எம்ஜிஎம் முதல்ல வரும், உத்தண்டிச் சுங்கச்சாவடி அதுக்குப் பிறகு. விஜிபி ஈஞ்சம்பாக்கத்தில, சாவடி தாண்டி நகரப் பக்கம். நகரத்தில இருந்து மட்டும் போய்வாற ஆக்களுக்கு விஜிபி கிட்ட, சுங்கமும் இல்லை. உங்கட பாதையில எம்ஜிஎம்தான் வசதி. அதுக்குப் பக்கத்தில தக்ஷிணசித்ரா இருக்கு, செட்டிநாட்டு வீடு, கேரள வீடு எல்லாம் பழைய மரத்தோட பெயர்த்துக் கொண்டுவந்து கட்டியிருக்கினம். மாமியை ஒரு ஆளோட அங்க இறக்கி விடலாம், திண்ணையில இருந்தே பாதி நேரம் போகும். செவ்வாய் பூட்டு. புதன் திறந்திருக்கும்.

---

பருத்தித்துறை_தட்டைவடை:

கணக்கு வடிவா இருக்கு. ஆனால் கணக்கில மாமியின்ர முழங்கால் இல்லை.

நாலு இரவில ஒருக்கா அறை மாறுறது எண்டால் ரெண்டு தரம் அடுக்கி ரெண்டு தரம் அவிழ்க்கவேணும். புதன் காலமை அடுக்குற நேரம் பாருங்கோ, செவ்வாய் நனைஞ்ச உடுப்பு காய்ஞ்சிருக்காது. வொண்டர்லாவில தண்ணிக்குள்ள இறங்க நைலோன், பொலியெஸ்டர் உடுப்புத்தான் விடுவினம், பருத்தி உடுப்போட ஏலாது. நைலோன் கெதியாக் காயும். துவாய் காயாது. ஐஞ்சு பேருக்கு ஐஞ்சு துவாய் ஏசி அறைக்குள்ள கதிரையில விரிச்சால் விடியவும் சொதசொதப்பாத்தான் இருக்கும். அதைப் பொலித்தீன் பையில கட்டி, அந்த வெயிலில கார் டிக்கிக்குள்ள ஏழு மணித்தியாலம் வச்சால் தி.நகரில திறக்கேக்க வாற மணம் சொல்லத் தேவையில்லை. மாறித்தான் ஆகவேணும் எண்டால் துவாய் கொண்டு போகாதேங்கோ. மெல்லிசா ஆளுக்கொரு பருத்தித் துண்டு காணும், யன்னல் கம்பியில ரெண்டு மணித்தியாலத்தில காய்ஞ்சிடும்.

புதன் முழுக்க சாமான் காரில இருக்கப் போகுது எண்டதும் யோசிக்கவேண்டிய விசயம். பாஸ்போட், காசு, மருந்து மூண்டும் உங்கட உடம்போட இருக்கவேணும். கார் நம்பர், ரைவரின்ர போன் நம்பர் ரெண்டையும் படமெடுத்து வச்சுக்கொள்ளுங்கோ.

என்ர தெரிவு மூண்டாவது ஒரு இடம். திருப்போரூரும் வேண்டாம், தி.நகரும் வேண்டாம். தாம்பரம் - வண்டலூர்ப் பக்கம் ஒரு நடுத்தர ஹோட்டல் எடுத்து நாலு இரவும் அங்கயே நில்லுங்கோ. காரணம் ரோட்டு. வண்டலூரில இருந்து கேளம்பாக்கத்துக்கு நேர ஒரு ரோட்டு போகுது, கொளப்பாக்கம், மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியா. ஓ.எம்.ஆரின்ர மெட்ரோ அடைப்பு எல்லாம் அதுக்கு வடக்கால. வொண்டர்லாவில இருந்து வாற வழியில நீங்கள் நகரக் கூட்டத்துக்குள்ளயே போகமாட்டீங்கள். விமான நிலையம் தாம்பரம், வண்டலூரால போற அதே ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் ட்ரங்க்) ரோட்டில, 15 கிலோமீற்றர் அளவில. தி.நகருக்குத் தாம்பரத்தில மின்சார ரயில் ஏறினால் மாம்பலம் ஸ்ரேஷனில இறங்கலாம், வெளியில வந்தால் ரங்கநாதன் தெரு. காரே தேவையில்லை. மாமிக்கு மட்டும் அந்த ஸ்ரேஷன் மேம்பாலப் படி சிக்கல், அவவுக்கு அண்டைக்குத் தனிய ஓட்டோ பிடிச்சு நேர மயிலாப்பூர் விடலாம்.

ஒரு நாள் மிஞ்சினால் வண்டலூர் மிருகக்காட்சிச்சாலை கைக்கெட்டின தூரத்தில. அதுவும் செவ்வாய் பூட்டு, ஏனோ எல்லாரும் செவ்வாயைத்தான் பிடிக்கினம்.

ஓ.எம்.ஆரில சோழிங்கநல்லூர், நாவலூர்ப் பக்கம் கொம்பனி ஆக்களுக்கெண்டே கட்டின ஹோட்டல்கள் இருக்கு, அறை துப்பரவா இருக்கும். ஆனால் அங்க திங்கள் தொடங்கி வியாழன் வரைக்கும்தான் விலை கூட, சனி ஞாயிறு குறையும். உங்கட நாலு இரவும் விலை கூடின பக்கத்தில விழுகுது.

---

கோண்டாவில்_கிழக்கு:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு இருக்கெண்டு தெரியாது.

மூண்டு கேள்வி. வொண்டர்லா ரிக்கற்றை இஞ்ச இருந்து ஒன்லைனில எடுக்கலாமோ, பிள்ளையளுக்கு வயதுக் கணக்கா உயரக் கணக்கா? மோட்டலுக்குப் போன் எடுக்கேக்க வேற என்ன கேட்கவேணும்? மாமி அண்டைக்கு வொண்டர்லாவுக்கு வரத்தான் வேணுமோ?

---

சுண்டுக்குளி_கணக்கு:

உயரக் கணக்கு. 85 சென்ரிமீற்றருக்குக் கீழ காசில்லை, 85 தொடக்கம் 140 வரைக்கும் பிள்ளை ரிக்கற், அதுக்கு மேல பெரிய ஆள். உங்கட ரெண்டு பேரும் பிள்ளை ரிக்கற்தான். வாசலில கோடு போட்ட பலகையில நிப்பாட்டிப் பார்ப்பினம், வயது கேட்கமாட்டினம். ஆனால் அந்த 140 உள்ளுக்கும் வேலை செய்யும்: பயங்கரமான பெரிய சுத்தல்கள் பலதுக்கு அதுதான் ஆகக்குறைந்த உயரம். மூத்தவ 132 எண்டால் அவ எதில ஏறலாம், எதில ஏலாது எண்டதை இஞ்சயே தளத்தில பார்த்து அவவுக்குச் சொல்லி வையுங்கோ. தஞ்சோரா எண்ட தொங்குற ரோலர்கோஸ்டரின்ர வீடியோவைப் பார்த்திட்டு வந்து வரிசையில நிண்டு, பலகையடியில திருப்பி அனுப்பினால் அண்டைக்கு முழுக்க அழுகைதான். 98க்குத் தனியாச் சின்னப்பிள்ளைப் பகுதி இருக்கு, அவன் அங்க சந்தோசமா இருப்பான்.

60 தாண்டினவைக்கு ரிக்கற் குறைவு, பாஸ்போட்டைக் காட்டினால் காணும்.

ஒன்லைன் ரிக்கற்: இலங்கையில எடுத்த வங்கிக் கார்ட்டை சில இந்தியத் தளங்கள் ஏற்காது, ஏற்றாலும் ஓடிபி உங்கட இலங்கை நம்பருக்குத்தான் வரும். இஞ்ச இருக்கேக்க எடுத்து முடிச்சுப் போங்கோ. அங்க போய் எடுக்கிறதெண்டால் ரோமிங் போட்டிருக்கவேணும். போனால காசு கட்டுற யூபிஐ ஸ்கான் எங்கட வங்கி ஆப்புகளில ஓடாது, ஓட்டோவுக்கும் தண்ணிப் போத்தலுக்கும் சில்லறைக் காசு வேணும். டொலராக் கொண்டுபோய் மாத்துங்கோ, இலங்கை ரூபாய்க்கு அங்க மதிப்புக் குறைவாத்தான் தருவினம். கார் ஆப்பில ஊபர் இலங்கை நம்பரோடயே வேலை செய்யும். எங்கட பிக்மீ ஓடாது.

விளையாட்டுகளில வரிசை நிக்காமல் வேகமா விடுற மேலதிக ரிக்கற் ஒண்டு விப்பினம். செவ்வாய்க்கிழமைக்கு அது வீண் காசு. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு ஆண்டுப் பரீட்சை முடியிற காலம் அது, ஏப்ரல் கடைசி நெருங்க நெருங்கத்தான் கூட்டம் ஏறும்.

---

தட்டாதெரு_நிழல்:

போன் எடுக்கேக்க முதல் வசனத்திலயே "ஸ்ரீலங்கா பாஸ்போட், ஐஞ்சு பேர், சி ஃபாரம் போடுவீங்களா?" எண்டு கேளுங்கோ. "அதெல்லாம் பாத்துக்கலாம் வாங்க" எண்டு சொன்னால் இல்லை எண்டுதான் அர்த்தம். "போடுவம், பாஸ்போட், விசா காப்பி அனுப்புங்க" எண்டு சொன்னால் சரி. அதை வாட்ஸ்அப்பில எழுத்தில வாங்கி வையுங்கோ. ஆளுக்கு மூண்டு போட்டோகொப்பி, ரெண்டு பாஸ்போட் அளவுப் படம் கொண்டு போங்கோ. திங்கள் இரவு திருப்போரூரில கொப்பிக்கடை தேடிக் கொண்டு நிக்கேலாது.

அடுத்தது, "கரண்ட் போனா ஜெனரேட்டர்ல ஏசி ஓடுமா?" ஜெனரேட்டர் இருக்கா எண்டு கேட்டால் எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். சின்ன இடங்களில அது லைற்றுக்கும் ஃபானுக்கும் மட்டும். ஏப்ரல் இரவு அந்தப் பக்கம் ஏசி நிண்டால் பிள்ளையள் படுக்காதுகள்.

"செக் அவுட் எப்ப?" சில லொட்ஜில 24 மணிநேரக் கணக்கு: இரவு எட்டுக்கு வந்தால் அடுத்த நாள் இரவு எட்டு வரைக்கும். சில இடங்களில நீங்கள் எத்தினை மணிக்கு வந்தாலும் மற்ற நாள் மத்தியானம் 12. பின்னேரம் இறங்குற உங்களுக்கு முதலாவது லாபம், புதன் ஆறுதலா வெளிக்கிடலாம்.

பிறகு முகூர்த்த நாளோ எண்டு கலண்டரில பாருங்கோ. திருப்போரூர் கந்தசாமி கோயிலடியில கல்யாணங்கள் நடக்கும், கிருத்திகைக்கும் சனம் வரும். அண்டைக்கு அந்த ஊர் லொட்ஜுகள் நிரம்பி, விடிய நாலு மணிக்கு நாதஸ்வரமும் கிரைண்டர் சத்தமும் தொடங்கும்.

தண்ணி பல இடங்களில ஆழ்குழாய்க் கிணத்துத் தண்ணி, உப்பா இருக்கும். வலிகாமத்துக் கிணத்தில குளிச்ச ஆக்களுக்கு அது புதுசில்லை. குடிக்க மட்டும் 20 லீற்றர் கேன் அறைக்குத் தருவினமோ எண்டு கேளுங்கோ.

கழிவறை இருந்து எழும்புற வகையா, குந்துற வகையா? மாமிக்காக இதைக் கேட்டே ஆகவேணும். மலிவான ரெண்டு அறையில ஒண்டு ஒரு வகையா, மற்றது மற்ற வகையா இருக்கும்.

---

பருத்தித்துறை_தட்டைவடை:

மாமியைப் பற்றி. வொண்டர்லா 60 ஏக்கருக்கு மேல, முழுக்க வெயில். நடக்கேலாத ஆளை ஏழு மணித்தியாலம் அங்க இருத்தி வைக்கிறது பிள்ளையளுக்கும் இடைஞ்சல். சுண்டுக்குளி சொன்ன மாதிரி ரெண்டும் ரெண்டும் எண்டு முடிவெடுத்தால், பக்கத்து லொட்ஜில நிக்கிறதின்ர உண்மையான லாபம் இதுதான்: மாமி அறையில நிக்கலாம், ஒரு ஆள் மத்தியானம் ஓட்டோவில போய்ப் பார்த்திட்டு வரலாம். தி.நகரில இருந்து இது நடக்காது. ஆனால் வாசலை விட்டு வெளிய போன ஆளைத் திரும்ப உள்ள விடுறது அண்டைக்கு எடுத்த ரிக்கற்றில எழுதியிருக்கிறதைப் பொறுத்தது, வெளிக்கிட முதல் வாசலில கேளுங்கோ.

காலமை எழும்பி மாமியை திருப்போரூர்க் கந்தசாமி கோயிலுக்குக் கூட்டிப் போங்கோ. பத்தரை வரைக்கும் அறையில மல்லுக்கட்டவேணும் எண்டு மேல எழுதியிருக்கு, அந்த நேரம் இதுக்குச் சரி. அங்க மூலவர் பனைமரத்தடியில கிடைச்சவர் எண்டு சொல்லுவினம், சிதம்பர சுவாமிகள் சந்நிதிமுறை பாடின தலம். பனையைப் பார்த்து வளர்ந்த ஆக்களுக்கு அந்த முருகன் சொந்தக்காரர் மாதிரி. கபாலீசுவரருக்கு வந்த மாமிக்கு அது மேலதிகம்.

சாப்பாடு: வொண்டர்லாவுக்குள்ள வெளிச்சாப்பாடு விடமாட்டினம், கைக்குழந்தைச் சாப்பாடு விதிவிலக்கு. புட்டுக் கட்டிக்கொண்டு போய் வாசலில கொட்டவேண்டி வரும். காலமை திருப்போரூரில இட்லி, பொங்கல் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போங்கோ, உள்ள மத்தியானம் ஒருக்கா வாங்கினால் காணும். பின்னேரம் ஆறுக்கு வெளியில வந்தவுடன பிள்ளையளுக்குக் குடுக்க பிஸ்கற் பெட்டியைக் காரில வையுங்கோ, பையில இல்லை.

வெளியில வர முதல் உள்ளயே உடுப்பு மாத்துங்கோ, லொக்கர் அறை இருக்கு. ஈர உடுப்போட ஏறினால் ரைவர் சீற்றுக்குப் பொலித்தீன் விரிக்கச் சொல்லுவார், அது நியாயம்தான். ஆளுக்கொரு கட்டியான பை, வாய் முடிச்சுப் போடுற மாதிரி. மூத்தவவின்ர தலைமயிருக்கு ஒரு காய்ஞ்ச துண்டு தனிய வச்சிருங்கோ, ஏசிக் காரில ஈரத்தலையோட இருந்தால் குளிரில நடுங்குவா.

இன்னொண்டு, போன் சார்ஜர். இப்ப எங்கட வீடுகளில இருக்கிற மூண்டு தட்டைக்கால் பிளக் அங்கத்தைய சுவரில ஏறாது, அவைக்கு உருண்டைக்கால். மின்சாரம் ரெண்டு இடத்திலயும் 230 வோல்ட், ஆகவே மாத்திக் கட்டை (அடாப்டர்) மட்டும் போதும். யாழ்ப்பாணத்தில கஸ்தூரியார் றோட்டுக் கடைகளிலயே ரெண்டு வாங்கி பெட்டிக்குள்ள போடுங்கோ.

---

கோண்டாவில்_கிழக்கு:

மோட்டலுக்கு இப்பதான் போன் எடுத்தன். "பாத்துக்கலாம் வாங்க" எண்டுதான் சொல்லிச்சினம். தட்டாதெரு சொன்னது அச்சொட்டு. அதை விட்டிட்டன்.

கேளம்பாக்கத்தில இன்னொரு இடம் வாட்ஸ்அப்பில விசாப் பக்கம் கேட்டிருக்கினம். ஒரு அறை 2,300, ரெண்டு அறையும் கீழ்த்தட்டு, பின்பக்கம். திங்கள், செவ்வாய் அங்க, புதன், வியாழன் தி.நகர் எண்டு பதியப் போறன். ஜெனரேட்டரில ஏசி ஓடாது எண்டு நேராச் சொல்லிப்போட்டினம்.

---

சுண்டுக்குளி_கணக்கு:

2,300 ரெண்டு அறை, ரெண்டு இரவு 9,200, வரியோட 9,660. தி.நகர் 10,500. மொத்தம் 20,160, இன்னும் 21,000க்குக் கீழதான். கேளம்பாக்கம் எண்டால் வொண்டர்லாவுக்குத் தூரம் கொஞ்சம் கூட, ஆனால் புதன்கிழமை கோவளம் ரோட்டு வாசலிலயே தொடங்குது. ஏசி ஓடாது எண்டு உண்மை சொன்ன இடம் சி ஃபாரத்தையும் போடும். போகேக்க ஒரு சின்ன சார்ஜ் ஃபானைப் பெட்டிக்குள்ள வையுங்கோ.